செம்மண் மேடும் வெள்ளைச் சப்பாத்தும்

ஓட்டக்காரர்கள் கூடுகிற இடத்தில் எனக்கு எரிச்சல் மூட்டும் பேச்சு ஒன்று உண்டு. "மேடு உடம்புக்கு நல்லது" என்பார்கள். நல்லதாம்! முதல் தடவை அந்த மேட்டில் பாதி வழியில் ஒரு ரப்பர் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தவள் நான். அந்த நேரத்தில் யாராவது வந்து இதைச் சொல்லியிருந்தால் மண்ணை அள்ளி அவர் வாயில் போட்டிருப்பேன். இன்று, முட்டி இரண்டும் சத்தம் போடுகிற வயதில், அதே மேட்டை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அதற்குக் காரணம் ஒரு பெண்ணும் அவள் போட்டிருந்த சப்பாத்தும்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நானும் கணவரும் ஈப்போ டவுனில், புந்தோங் வட்டாரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் சுங்காய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, எழுபதுகளில் பாதிக்கு மேல் அங்கேயே பால்மரம் சீவியவள். தோட்டத்தை விற்று, மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நடத் தொடங்கியதும் ஈப்போவுக்கு வந்து சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்தே வேலை. நடந்தே பழகிய காலுக்கு அது பெரிய தண்டனை. ஒருநாள் எங்கள் சூப்பர்வைசர், ஒரு சீன அம்மாள், மதியச் சாப்பாட்டுக்கு நான் நடந்துபோகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, "தோட்டத்துப் பெண்தானே நீ? ஓட்டக் குழுவில் சேர்ந்துகொள்" என்று மலாயில் சொல்லி, பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் போய்விட்டார். அதுவரை நான் பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடியிருந்தேன்.

என் பக்கத்து மெஷினில் என்னைவிட இளையவள் ஒருத்தி இருந்தாள். அவளும் புந்தோங்தான், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற குடும்பம். கம்பெனியில் எனக்குக் கிடைத்த உயிர்க் கூட்டாளி. பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் அவளைப் பிடிக்க ஆளே இல்லையாம். பள்ளி முடிந்ததும் அவள் அண்ணன், "பொம்பளப் புள்ள ரோட்டுல ஓடுனது போதும்" என்று ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டான். கம்பெனி சார்பில் ஓடுவது, நீளக் கால்சட்டை போட்டுத்தான் ஓடுவது என்றெல்லாம் சூப்பர்வைசரே வீட்டுக்குப் போய்ப் பேசி, ஒருவழியாக அவனைச் சம்மதிக்க வைத்தார். அவள் புதுச் சப்பாத்து வாங்கினாள். வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. அதன்மேல் இன்னும் வெள்ளை பூசி, வெயிலில் காயவைத்து, ஓட்டத்தன்று தரையில் கால் வைக்கவே மனமில்லாமல் எட்டி எட்டி நடந்து வந்தாள்.

"என்னா புள்ள, சப்பாத்த கையில தூக்கிக்கிட்டு வந்திருக்கலாம்ல?" என்று கேலி செய்தேன்.

"சிரிக்காதீங்கக்கா. எத்தன வருசம் கழிச்சு ஓடப்போறேன், தெரியுமா?"

அது கம்பெனிகளுக்கு இடையிலான அஞ்சல் ஓட்டம். ஒரு குழுவுக்கு நான்கு பெண்கள். ஒரு கட்டையை ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். முதல் இரண்டு பேருக்குத் தார் ரோடு. மூன்றாவது ஆளுக்கு மேடு: கைவிடப்பட்ட ரப்பர்த் தோட்டத்தின் செம்மண் சாலை, ஏறி, மறுபக்கம் இறங்க வேண்டும். அந்த அடிவாரத்தில் நான்காவது ஆள் நிற்பாள். கட்டையை வாங்கிக்கொண்டு, மிச்சச் செம்மண்ணில் ஓடி, டவுன் திடலில் முடிக்க வேண்டும். அடிவாரத்தில் சிவப்புக் கொடியோடு ஒருவர் நிற்பார். போலீஸ் சாலையைத் திறந்துவிடும் நேரம் வந்ததும் கொடியை இறக்கிவிடுவார். கொடி இறங்கிய பிறகு கட்டை வந்து என்ன புண்ணியம்? நிற்கிறவள் ஓட முடியாது. லாரியில் ஏறித் திடலுக்குப் போக வேண்டியதுதான்.

மேட்டை யாருக்கும் பிடிக்கவில்லை. புது ஆள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். கூட்டாளிக்குக் கடைசி ஓட்டம்.

மேட்டைப் பார்த்ததும் என் உடம்பு தானாகப் பாய்ந்தது. தலையைக் குனிந்துகொண்டு, பெரிய பெரிய எட்டாக வைத்து ஏறினேன். முன்னால் போன பெண்களை எல்லாம் தாண்டினேன். ஆகா, இவ்வளவுதானா மேடு என்று நினைத்தேன் பாருங்கள், அந்த வினாடியே மூச்சு முட்டியது. தொடை கல்லாகிவிட்டது. அப்போதுதான் அந்த மரத்தைக் கட்டிப்பிடித்தேன். நான் தாண்டிவந்தவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். பின்னால் வந்த லாரிக்காரர் "ஏறிக்க தங்கச்சி" என்று கையை நீட்டினார். மாட்டேன் என்று நடந்தேன். உச்சி தாண்டி இறக்கம் வந்த பிறகாவது ஓடலாம் என்றால், கால் ஓட விடவில்லை. ஒவ்வோர் எட்டிலும் பிரேக் போட்டதுபோல் இழுத்துப் பிடித்தது.

கொடி இறங்கியதை நான் பார்த்தேன். எனக்கும் அவளுக்கும் நடுவே தோட்டத்து லயத்தில் நாலு வீட்டுத் தூரம்கூட இல்லை. கட்டையை வாங்குவதற்காகக் கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். கொடிக்காரர் "ஹபிஸ், ஹபிஸ்" என்றார். முடிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்தது. ஆனாலும் நான் வந்து சேரும்வரை நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

லாரியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். என் கால் கணுக்கால் வரைக்கும் செம்மண். அவள் சப்பாத்தில் ஒரு பொட்டு மண் இல்லை. அவள் பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து இரண்டாகப் பிய்த்து, "சாப்புடுங்கக்கா, மொகமெல்லாம் வெளுத்துப்போச்சு" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த ரொட்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு திடல்வரைக்கும் போனேன்.

இனி ஓட்டமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். சில மாதங்களில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை லூமுட்காரர், படகுத்துறையில் வேலை. ஈஸ்டர் முடிந்து கல்யாணம். அதற்கு முன்னால் அடுத்த அஞ்சல் ஓட்டம் வரும். ஒரு மதியம் சாப்பாட்டுத் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, மேட்ட நீங்கதான் ஓடணும்."

"ஒனக்கு மண்ட கொழம்பிப்போச்சா? போன தடவ பட்டது பத்தாதா?"

"சூப்பர்வைசரு புதுப் புள்ளய போடுறேன்னாங்க. வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்லா?"

"அந்தப் புள்ள மேட்டையே பாத்ததில்ல. நீங்க பாத்துட்டீங்க."

"பாத்து, வாந்தி எடுத்துட்டு வந்தேன் லா!"

"ஆமா. ஆனா லாரில ஏறி வரலியே. கொடி எறங்குனப்புறமும் கட்டைய கையில புடிச்சிக்கிட்டே வந்தீங்க. அதான் நீங்க வேணும்." குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "லூமுட்டு போயிட்டா என்னைய யாருக்கா ஓட விடுவா? எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

"ஒன் ஆசைய கொண்டாந்து என் கால்ல கட்டுறியே புள்ள!" என்று கத்தினேன். சாப்பாட்டு அறையே திரும்பிப் பார்த்தது. "வேற யாரு கால்ல கட்டுறது?" என்று கேட்டுவிட்டு அவள் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

என் கணவர் பஸ் பட்டறையில் மெக்கானிக். ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவர். ரப்பர்த் தோட்டத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. வேலை முடிந்ததும் என்னைத் தன் பழைய மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அந்த மேட்டுக்குக் கூட்டிப்போவார். நான் ஓடுவேன். அவர் பின்னாலேயே மோட்டாரில் வருவார். ஒவ்வொரு நாளும் அதே கதைதான். பாய்வேன், பாதியில் சாவேன், இறக்கத்தில் தத்தித் தத்தி வருவேன். ஒரு மாலை அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏறுறப்ப நாய் தொரத்துற மாதிரி ஏறுற. எறங்குறப்ப தலையில முட்டக் கூடைய வச்சிருக்க மாதிரி எறங்குற. ஊரு ஒலகத்துல எல்லாம் மேட்டுல மெதுவா, பள்ளத்துல வேகமா. ஒனக்கு மட்டும் ஏன்லா ரிவர்ஸ் கியரு?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது புந்தோங் தெருவுக்கே தெரியும். "மோட்டார்ல குந்திக்கிட்டு பேசுறது ஈசிங்க! நீங்க எறங்கி ஓடிக் காட்டுங்க பாப்போம்!" என்று சத்தம் போட்டுவிட்டு, வீட்டுக்கு நடந்தே போகிறேன் என்று கிளம்பினேன். அவர் ஒன்றாம் கியரில் உருட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார். முச்சந்தி வரைக்கும் வீராப்பாக நடந்தேன். பிறகு கால் கெஞ்சியது, ஏறிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் குழாயில் தண்ணீர் இல்லை. தெருக்கோடிப் பொதுக் குழாயில் இரண்டு வாளி பிடித்துக்கொண்டு வந்தேன். எங்கள் சந்து கொஞ்சம் ஏற்றம். மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வாசலுக்கு வந்து வாளிகளை இறக்கினேன். குனிந்து பார்த்தால், நிறைய நிறையப் பிடித்த தண்ணீர் அப்படியே இருந்தது. சந்து முழுக்க ஒரு சொட்டு சிந்தவில்லை. எனக்கு மூச்சும் வாங்கவில்லை. அட கடவுளே என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

தோட்டத்தில் எனக்குக் கிடைத்தது மேட்டுக்காடு. விடிகிற நேரத்தில் வெறுங்கையாக, உளியை இடுப்பில் செருகிக்கொண்டு, விழுந்தடித்து உச்சிக்கு ஓடுவோம். குளிர்ச்சி இருக்கும்போதே சீவினால்தான் பால் நன்றாக வடியும். உச்சியிலிருந்து மரம் மரமாகச் சீவிக்கொண்டே இறங்குவோம். பால் வடிந்து முடிந்ததும் மறுபடி உச்சிக்கு ஓட்டம். பிறகு மரத்தில் மாட்டிய மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டே இறக்கம். தோளின் குறுக்கே ஒரு கம்பு, அதன் இரண்டு முனையிலும் வாளி. காண்டா என்போம். அந்தச் சுமையோடுதான் எப்போதும் இறங்கினோம். தோள் ஆடக் கூடாது, எட்டு நீளக் கூடாது. பால் சிந்தினால் வேலையை மேய்க்கிற மண்டோர் வாயில் விழ வேண்டும். மேடு என்றால் வெறுங்கையோடு பாய்ச்சல், பள்ளம் என்றால் சுமையோடு நிதானம் என்று இத்தனை வருஷமாக என் கால் படித்து வைத்திருந்தது. யாருமே இல்லாத சாலையில் ஓடும்போதும் அது அந்தப் பாடத்தைத்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் சொன்னது சரி. கியரைத்தான் மாற்றிப் போட்டிருந்தேன்.

உள்ளே போய், "எனக்கு ஒரு காண்டா வேணுங்க" என்றேன். என் கோபம் தீர்ந்த சந்தோஷத்தில், அது என்ன ஏது என்றுகூடக் கேட்காமல் தலையாட்டினார். விளக்கிச் சொன்னதும் மூங்கில் கழி ஒன்றும், பட்டறையில் காலியான இரண்டு பெயிண்டு டின்னும் கொண்டுவந்து செய்துகொடுத்தார். மோட்டாரில் நான் பின்னால் உட்கார்ந்து, கழியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, டின்கள் டங் டங்கென்று மோத, புந்தோங் முழுக்க வேடிக்கை காட்டிக்கொண்டு போனோம். மேட்டடியில் ஓடைத் தண்ணீரை நிரப்பி நான் ஏறிக்கொண்டிருந்தபோது, அந்த வழியாக வந்த ஒரு மலாய்க்காரர் வண்டியை நிறுத்தி, "மேலே தண்ணீர் இல்லையா?" என்று கவலையாகக் கேட்டார். "சாமிக்கு வேண்டுதல்" என்றார் என் கணவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

முதலில் காண்டாவோடு நடந்தேன். அப்புறம் காண்டாவைக் கீழே வைத்துவிட்டு, அது தோளில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடினேன். சின்னச் சின்ன எட்டு. தலை நேரே. கண் உச்சியைத் தேடாமல் நாலு அடி முன்னால் மட்டும். மெதுவாகத்தான் போனேன். ஆனால் நிற்காமல் போனேன். அந்த மரமும் வந்தது, தாண்டியது. உச்சிக்கு வந்து நின்றபோது மூச்சு வாங்கியது, ஆனால் உயிர் இருந்தது.

அப்புறம் இறக்கம். தோளில் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையை வீசினேன். கால் தானாக நீண்டது. காற்று சட்டைக்குள் புகுந்தது. வாய்விட்டுக் கூவிக்கொண்டே ஓடினேன். கீழே வந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கணவர் பயந்துபோய் மோட்டாரைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். "ஒண்ணுல்லங்க," என்றேன், "எத்தன வருசம் மேட்டுலேர்ந்து எறங்கியிருக்கேன். ஒரு நாளும் கைய வீசிக்கிட்டு எறங்குனதில்லங்க." அவர் என் தலையை ஒருமுறை தடவிவிட்டு, விழுந்துகிடந்த மோட்டாரைப் போய்த் தூக்கினார்.

ஓட்டத்தன்று விடியற்காலையில் மழை. மழை பெய்தால் தோட்டத்தில் வேலை இல்லை, திரும்பிப் படுத்துக்கொள்வோம். கூரையில் சத்தம் கேட்டதும் என் உடம்பு சந்தோஷமாகத் திரும்பிப் படுத்தது. கணவர் போர்வையை இழுத்து, "ஏ, இது தோட்டம் இல்ல. அந்தப் புள்ள காத்துக்கிட்டு நிக்கும், எந்திரி" என்றார்.

அவள் மறுபடியும் சப்பாத்துக்கு வெள்ளை பூசியிருந்தாள். மழையில் கரைந்துவிடாமல் இரண்டின்மேலும் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு லாரியில் ஏறி அடிவாரத்துக்குப் போனாள். போகும் முன் கட்டைவிரலால் என் நெற்றியில் சிலுவை போட்டாள். அங்கே ஏற்கெனவே நான் பூசியிருந்த திருநீறு இருந்தது. இரண்டு சாமியும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கட்டை என் கைக்கு வந்தபோதே நாங்கள் பின்தங்கியிருந்தோம். மேட்டடியில் இன்னும் சிலர் என்னைத் தாண்டினார்கள். போங்கடி போங்க என்று விட்டுக்கொடுத்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்! கால் பாயத் துடித்தது. பால் நிறைய இருக்கு, சிந்தக் கூடாது, சிந்தக் கூடாது என்று சொல்லிச் சொல்லி அடக்கினேன். செம்மண் சேறாகி வழுக்கியது. பெரிய எட்டு வைத்தவர்கள் சறுக்கினார்கள். என் சின்ன எட்டு சறுக்கவில்லை. பாதி மேட்டில், தாண்டிப் போனவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். அந்தக் காண்டாவை நான் எவ்வளவு சபித்திருப்பேன்! தோளில் தழும்பைத் தவிர அது எனக்கு ஒன்றும் தரவில்லை என்று நினைத்திருந்தேன். அன்று முதல்முறையாக அதற்கு நன்றி சொன்னேன்.

உச்சியிலிருந்து பார்த்தால் கீழே சிவப்புக் கொடி இன்னும் மேலேதான் இருந்தது. ஆனால் கொடிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் தடுப்புக் கட்டையில் கை வைத்துவிட்டார். மனசில் சுமந்துவந்த காண்டாவை உச்சியிலேயே இறக்கிவைத்துவிட்டுக் கையை வீசினேன்.

எப்படி இறங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஓரிடத்தில் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தேன், எழுந்தேன். கீழேயிருந்து அவள் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது: "கைய வீசுங்கக்கா! வீசுங்க! வாங்கக்கா!" நான் உச்சியில் தெரிந்ததுமே சப்பாத்தின் மேலிருந்த பைகளைக் கிழித்து எறிந்துவிட்டாளாம். கையைப் பின்னால் நீட்டி நின்றாள், போன தடவை மாதிரியே. கட்டையை அந்தக் கைக்குள் அறைந்து வைத்தேன். விரல்கள் மூடின. திரும்பிப் பார்க்கவில்லை அவள், போய்விட்டாள்.

அம்மாடி, அது என்ன ஓட்டம்! சாலை வளைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். மான், குதிரை என்று எதையும் சொல்லப்போவதில்லை. பூட்டிய வீட்டைத் திறந்துவிட்டதும் ஓடுகிற பிள்ளை மாதிரி ஓடினாள்.

பின்னால் "ஹபிஸ்" என்று குரல் கேட்டது. வேறொரு கம்பெனிப் பெண் கட்டையோடு வந்து நின்றுவிட்டாள். அவள் கூட்டாளி கையை நீட்டியபடி நின்றிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. லாரியில் அவர்கள் இருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என் பையில் இருந்த ரொட்டியை எடுத்துப் பிய்த்துக் கொடுத்தேன்.

நாங்கள் ஜெயித்தோமா என்று கேட்காதீர்கள். கடைசியிலிருந்து எண்ணினால் எங்களைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். திடலில் என் கணவர் யாரோ எவரோ எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டு நின்றார். கூட்டத்தின் ஓரத்தில் அவள் அண்ணனும் நின்றான், கையில் அவளுக்கு ஒரு துண்டோடு. நான் லாரியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தேன். அவள் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் தூக்கி என் மடியில் போட்டாள். கணுக்கால் வரைக்கும் செம்மண் சேறு. வெள்ளை என்று சொல்ல ஒரு பொட்டு இடம் இல்லை.

"பாருங்கக்கா," என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

எனக்கும் கண் மறைத்தது. அவள் தோளிலிருந்த துண்டை எடுத்துச் சேற்றைத் துடைக்கப் போனேன். சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"தொட்டீங்கன்னா பாருங்க! இத இப்புடியேதான் லூமுட்டுக்குக் கொண்டுட்டுப் போகப்போறேன்."

சொன்னபடி கொண்டுபோனாள். கல்யாணப் பெட்டியில், புடவைகளுக்கு அடியில், பழைய பேப்பரில் சுற்றி. புடவையில் செம்மண் ஒட்டாமல் நான்தான் சுற்றிக் கொடுத்தேன்.